செவத்திக்கு விழுந்த ஆகாயப் பரிசு

காட்டுக் குளத்தின் தென்கரையில் செவத்தி என்றொரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். புருஷன் போன மாரியில் ஆற்று வெள்ளத்தோடு போய்விட்டான். தோண்டுவது, சுமப்பது, காவல் காப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். கோடை வந்துவிட்டால் அந்தக் கரை மண் கல்லாகிவிடும். நகம் பெயர்ந்தாலும் ஒரு கிழங்கு கிடைக்காது. அதனால் பனிக்காலம் முடிவதற்குள் வளை நிறையக் கிழங்கு சேர்த்துவிடுவாள். கோடை முழுக்கக் குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு.

அந்தக் குளத்து நாரைகள் ஒரு தொழில் நடத்திவந்தன. பறக்கத் தெரியாத பிராணிகளை முதுகில் ஏற்றிப் பக்கத்து ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடும். கூலியாக எதையாவது வாங்கிக்கொள்ளும். கூட்டம் சேர வேண்டுமென்று வருஷத்துக்கு ஒருமுறை குலுக்கலும் உண்டு. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் தங்கள் கால்தடம் பதித்த ஓர் இலையை மருதமரப் பொந்தில் போட வேண்டும். மைனா அதில் ஒன்றை எடுக்கும். யாருடைய இலையோ அவர்களுக்கு ஓசிப் பயணம்.

கோடைக்கு வைத்த கிழங்கைக் கூலியாகக் கொடுக்க மனமில்லாத செவத்தியும் ஓர் இலை போட்டாள். அவள் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது அக்கரையில். வெள்ளத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஒரு நாள் காலை மைனா வளை வாசலில் வந்து கத்தியது.

"செவத்தியக்கா, பரிசு உங்களுக்குத்தான் விழுந்திருக்கு! ஆகாயத்துல போகப் போறீங்க!"

குட்டிகள் "சித்தி வீடு, சித்தி வீடு" என்று குதித்தன. செவத்திக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் பட்ட பாட்டை யாரோ கண்திறந்து பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தாள், பாவம்.

மைனாவின் பின்னாலேயே கழுதைப்புலி வந்தது. காட்டை ஆளும் புலிராஜாவுக்கு வரி வசூலிப்பது அதன் வேலை.

"சந்தோஷம்மா. வரியை எடுத்து வை" என்றது.

"எதுக்கு வரி?"

"பாடுபடாம வர்ற எதுலயும் மூணுல ஒரு பங்கு ராஜாவுக்கு. காட்டுச் சட்டம். உனக்குத் தெரியாதா?"

"சட்டம் தெரியும். ஆனா என் கைக்கு ஒண்ணும் வரலையே. பறக்கப் போறேன். அதுல மூணுல ஒரு பங்கை எப்படி அறுத்துக் கொடுக்கறது?"

"அதுக்குத்தானே விலை போட்டிருக்கு. இந்தப் பயணம் அறுபது கிழங்கு பெறும்னு நாரைங்களுக்கு மூத்த பெரியநாரை சொல்லிடுச்சு. இருபது எடு."

"அறுபதா? அணில் ரெண்டு கிழங்கு கொடுத்துட்டுப் போய் வருது. நானே பாத்திருக்கேன்."

"அது சும்மா போறது. இது பரிசு. பெருமைக்கும் சேத்துத்தான் விலை. கட்டினாத்தான் பரிசு. பரிசை வேண்டாம்னவங்களை அப்புறம் கூலிக்கும் ஏத்த மாட்டாங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடு, உன் குட்டிங்ககிட்டயும் சொல்லிடு."

செவத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குட்டிகள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே போனாள். இருபது கிழங்கை எண்ணி எடுத்தபின் வளையின் மூலையில் ஒரு சிறு குவியல்தான் மிஞ்சியது. போய் வந்து இன்னும் கொஞ்சம் தோண்டிக்கொள்ளலாம், மண் இறுக இன்னும் நாள் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புலிராஜா கிழங்கு தின்பாரா என்று கேட்காதீர்கள். அவர் தொழுவத்துப் பன்றிகள் கிழங்கு தின்று கொழுக்கும். அந்தப் பன்றிகளை அவர் தின்பார். ராஜ்ஜியம் இப்படித்தான் நடக்கிறது.

பரிசு ஓர் ஆளுக்குத்தான் என்பதால், மறுநாள் விடிந்ததும் செவத்தி குட்டிகளை அணிலிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாரைப்பாறைக்குப் போனாள். சேற்றுக்கு நடுவே அது ஒன்றுதான் தட்டையான இடம். ஆள் ஏற்றிய நாரை வேறெங்கும் இறங்க முடியாது.

பெரியநாரை அவளை மேலும் கீழும் பார்த்தது.

"இதென்ன, முதுகெல்லாம் முள்ளா?"

"முள்ளம்பன்றிக்கு வேற என்ன இருக்கும்?"

"இந்த முள்ளோட என் முதுகுல ஏறினா நான் செத்தேன். எல்லாத்தையும் பிடுங்கிட்டு வா, ஏத்திக்கறேன்."

"முள்ளைப் பிடுங்கிட்டா வழியில வர்ற நாய்கூட என்னைத் தின்னுடும்."

"அது உன் பாடு. அடுத்த ஆள் வாங்க!"

செவத்தி நேரே கழுதைப்புலியிடம் ஓடினாள். "நான் பறக்கலை. ஏத்த மாட்டேங்கறாங்க. என் கிழங்கைக் கொடு."

கழுதைப்புலி சிரித்தது. அது எப்போதுமே சிரிக்கும். அன்று நிஜமாகவே சிரித்தது.

"பறந்ததுக்கா வரி வாங்கினேன்? ஜெயிச்சதுக்கு வாங்கினேன். நீ ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?"

செவத்தி திரும்பவும் பாறையடிக்கு வந்து நின்றாள். சேற்றில் படுத்திருந்த எருமை மெதுவாகத் தலையைத் தூக்கியது.

"போன வருஷம் எனக்கு விழுந்துச்சு தங்கச்சி. நாரை முதுகு ஒடிஞ்சிரும்னுட்டாங்க. கன்னுக்கு வச்சிருந்த புல்லு போச்சு. அதுக்கு முந்தி தவளைக்கு விழுந்துச்சு. அவன் வரியைக் கட்டிட்டு இந்தப் பக்கமே வரலை. நாரைகிட்ட எந்தத் தவளை போகும்?"

"முயலுக்கு விழுந்திருக்கா? அணிலுக்கு?"

"ஏறக்கூடியவங்களுக்கு விழுந்து நான் பாத்ததே இல்ல."

"இதைத் தெரிஞ்சுக்கிட்டுமா அண்ணே நீ சேத்துல படுத்துக் கிடக்கற?"

எருமை தலையை மறுபடியும் சேற்றில் சாய்த்துக்கொண்டது. செவத்திக்கு நாரைமேல் இருந்த கோபத்தைவிட அந்தப் பொறுமைமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஊரே வயிறெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. அதனால்தானே இன்று அவள் வளை காலியானது?

அவள் பாறைமேல் ஏறினாள். நட்டநடுவில் உட்கார்ந்தாள். உடம்பிலிருந்த முள் அத்தனையையும் சிலிர்த்து நிறுத்தினாள்.

அக்கரையிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்த நாரைகள் மேலே வட்டமடித்தன. இறங்க இடமில்லை. முதுகில் இருந்த முயல்கள் அலறின.

"எழுந்திரு!" என்று பெரியநாரை கத்தியது.

"என் கிழங்கு வரட்டும்."

கழுதைப்புலி உறுமிக்கொண்டு அவளை இழுத்துப்போட வந்தது. முள்ளம்பன்றி சண்டை போடும் விதம் அதற்குத் தெரியவில்லை. செவத்தி திரும்பி ஓடுவதுபோல் முதுகைக் காட்டினாள், பின்பக்கமாகவே பாய்ந்தாள். கழுதைப்புலி மூக்கு நிறைய முள்ளோடு சேற்றில் விழுந்தது. அப்போது எருமை எழுந்து வந்து பாறை ஓரத்தில் கொம்பைத் தாழ்த்தி நின்றது. அது நின்றதே போதுமாக இருந்தது.

மேலே நாரைகளுக்குச் சிறகு ஓய்ந்தது.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றது பெரியநாரை.

"அந்தப் பயணம் எனக்கு எத்தனை கிழங்கு பெறும்? எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு."

பெரியநாரை கழுதைப்புலியைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது.

"உனக்கு... ஒண்ணும் பெறாது."

"ஒண்ணும் பெறாததுல மூணுல ஒரு பங்கு எவ்வளவு?" என்று செவத்தி கழுதைப்புலியைக் கேட்டாள். கரையில் கூடிவிட்ட கூட்டமும் அதையே கேட்டது.

கழுதைப்புலி மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் குகைக்குப் போய்க் கிழங்கைக் கொண்டுவந்து போட்டது. ஏழுதான் இருந்தது. மிச்சம் ஏற்கெனவே பன்றித் தொழுவத்துக்குப் போய்விட்டதாம்.

அந்த வருஷம் மண் முன்னதாகவே இறுகிவிட்டது. அந்தக் கோடையில் செவத்தியின் குட்டிகள் மரப்பட்டையைக் கடித்துத்தான் உயிர் பிழைத்தன. தங்கச்சியை அவள் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷம் குலுக்கல் என்று மைனா கூவியபோது, தண்ணீர் குடிக்க வந்தவர்கள் குடித்துவிட்டுப் பேசாமல் போனார்கள். மருதமரப் பொந்தில் ஓர் இலைகூட விழவில்லை.

பரிசு என்று யாராவது நீட்டினால், அதற்கு விலை போட்டது யார், அந்த விலையைச் சுமக்கப் போவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.