செவலைக்குக் கால்கட்டு, முள்ளாயிக்குக் கெட்ட பெயர்

தாமரைக் குளத்தங்கரையில் முள்ளாயி என்கிற முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. திடீரென்று "வீல்!" என்று ஓர் அலறல்! ஓடிப்போய்ப் பார்த்தால், செவலை நாய் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

செவலைதான் குளத்து வாத்துகளுக்குக் காவல். யாரைக் கண்டாலும் நாலுகால் பாய்ச்சல்தான்! தெரிந்தவர் என்றால் மேலே தாவி நக்கும். தெரியாதவர் என்றால் ஓட ஓட விரட்டும். அன்றைக்கு ஓர் ஓணானைத் துரத்திக்கொண்டு பாறையிலிருந்து குதித்ததில் முழங்கால் திருகிக்கொண்டது.

வைத்தியர் தூக்கணாங்குருவி பறந்து வந்தது. முடிச்சுப் போடுவதில் அந்தக் காட்டில் அதை மிஞ்ச ஆளில்லை. காலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தது.

"முழங்கால் ஜவ்வு அறுந்துபோச்சு! நார் வச்சுத் தைக்கணும்!"

"ஐயையோ! தையலா?" என்று செவலை நடுங்கியது.

"பயப்படாதே தம்பி! ஊசி நான் தர்றேன்!" என்று முள்ளாயி தன் முதுகிலிருந்தே மெல்லிய முள்ளொன்றைப் பிடுங்கிக் கொடுத்தது.

மயக்கம் தரும் வேரை மென்று செவலை தூங்கிப்போனது. குருவி கூடு பின்னுகிற பதவிசோடு தைத்து முடித்தது. பிறகு முள்ளாயியைத் தனியே கூப்பிட்டது.

"என் வேலை முடிஞ்சது. பெரிய வேலை இனிமேதான், அது உன்னோடது! மழைக்காலம் முடியற வரைக்கும் அவன் ஓடக் கூடாது, தாவக் கூடாது. கொடியிலே கட்டி மெதுவா நடக்க வை. தையல் பிரிஞ்சா அந்தக் கால் அவ்வளவுதான்!"

"பாத்துக்கறேன்!" என்றது முள்ளாயி.

"வலி இருக்கற வரைக்கும் அவனே அடங்கிக் கிடப்பான். வலி போனப்புறம்தான் உனக்குத் தலைவலி!" என்று சொல்லிவிட்டுக் குருவி பறந்தது.

முதல் கண்டம் நண்பர்கள் உருவில் வந்தது! நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? முயல்கள் நாவல்பழம் கொண்டுவந்தன. வாத்துகள் மீன் கொண்டுவந்தன. "செவலை! எப்படியிருக்கே?" என்று ஒரு குரல் கேட்டால் போதும், செவலை வாலை ஆட்டிக்கொண்டு எம்பிக் குதிக்கும். முள்ளாயிக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது.

கடைசியில் முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வழியில் நின்றது. "கொண்டாந்ததை வச்சிட்டுத் தூரத்திலேயே பாத்துட்டுப் போங்க! யாரும் கிட்டே வராதீங்க!"

முயலுக்கு முகம் சிவந்துவிட்டது. "நலம் விசாரிக்க வந்தவங்களை விரட்டறாளே! இவளுக்கு முதுகிலேதான் முள்ளுன்னு நினைச்சோம், மனசிலேயும் முள்ளா!"

முள்ளாயிக்குச் சுருக்கென்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு முள்ளைக்கூடத் தாழ்த்தவில்லை.

மழை குறைந்தது. செவலைக்கு வலி போனது. வந்தது பார் ஆபத்து!

"அக்கா, அவிழ்த்து விடு! எனக்குச் சரியாயிடுச்சு!"

"குருவி வந்து சொல்லட்டும்டா."

"நீ அக்காவே இல்லை! அரக்கி!"

இதையெல்லாம் புதரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நரி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தது.

"அடடா, கால் தேக்கு மாதிரி இருக்கே! இவனைப் போய்க் கட்டி வச்சிருக்கியே முள்ளாயி, பாவமில்லையா? அவிழ்த்து விட்டுடு. உன் கெட்ட பெயரும் போயிடும்!"

கெட்ட பெயர் போய்விடும் என்றதும் முள்ளாயியின் மனசு இளகிவிட்டது. குனிந்து முடிச்சைப் பல்லால் இழுத்தது. முடிச்சு பாதி தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், நரியின் கண் வாத்துக் குஞ்சுகள் மேல்! வாயில் எச்சில்!

'அடப்பாவி! செவலையை ஓடவிட்டுக் காலை ஒடித்துவிட்டால் குளத்துக்குக் காவலே இருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறானே!'

"முடிஞ்சா பிடி!" என்று கத்திக்கொண்டே நரி குஞ்சுகளை நோக்கிப் பாய்ந்தது. செவலை திமிறியது. கொடி நழுவியது! முள்ளாயி ஒரே துள்ளலில் செவலைக்குக் குறுக்கே விழுந்து அத்தனை முள்ளையும் விரித்தது.

"விலகு அக்கா! குஞ்சுகளைத் தின்னுடுவான்!"

"ஓடினா உன் கால் போயிடும்டா! வாய்க்கு யார் கட்டுப் போட்டது? குரை!"

செவலை குரைத்தது பாருங்கள், காடே கிடுகிடுத்தது! குஞ்சுகள் தொபுக் தொபுக்கென்று தண்ணீரில் குதித்தன. நாய் தன் வாலைப் பிடித்துவிட்டது என்றே நினைத்த நரி, திரும்பிப் பார்க்காமல் ஓட்டமெடுத்தது. அதற்குப் பிறகு அந்தக் குளத்துப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

முள்ளாயி முடிச்சை மறுபடி இறுக்கியது.

மழைக்காலம் முடிந்தது. குருவி வந்து காலை அசைத்துப் பார்த்தது. "ஓடுடா!" என்றது.

செவலை ஓடியது! குளத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது! "இங்கே வா! இங்கே வா!" என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். செவலை யாரிடமும் நிற்காமல் நேரே முள்ளாயியிடம் வந்தது. முள் இல்லாத இடம் தேடி, அதன் மூக்கை நக்கியது.

"உன்னை எவ்வளவு திட்டிட்டேன் அக்கா!"

"திட்டினா என்னடா, ஓடறியே! அது போதும்!" என்று முள்ளாயி சந்தோஷத்தில் அழுதது.

ஒருவரைக் குணமாக்க நினைப்பவர், அவருடைய கோபத்தையும் ஊராருடைய ஏச்சையும் சேர்த்தே தாங்கிக்கொள்ள வேண்டும்.