சாட்சிக்கு வந்த பிரகாசி

சங்குமுனைத் தீவில் மொத்தமே பதினோரு குடிசைகள். அங்கே கருவாடு காயவைத்துப் பிழைத்தவள் பிரகாசி. ஒரு நாள் ஜமீன் காரியஸ்தர் சபாபதி, குடையும் குமாஸ்தாவுமாகப் படகில் வந்து இறங்கினார். தீவு முழுக்கத் தென்னை வைக்க ஜமீனுக்கு ஆசை.

"இங்கே குடியிருக்கிறதுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது காட்டுங்க. இல்லேன்னா நாளைக்கே காலி பண்ணணும்" என்றார். கடலை நம்பிக் கிடப்பவர்கள் சீட்டுக்கு எங்கே போவார்கள்? எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள்.

காரியஸ்தர் சொல்லச் சொல்ல, தீவை ஜமீனுக்குக் கேட்டு குமாஸ்தா கலெக்டருக்கு எழுதினார்: "இத்தீவில் குடியிருப்பவர் எவருமில்லை."

எழுதி முடித்துத் தலையைச் சொறிந்தார். "உள்ளூர்க்காரர் ஒருத்தர் சாட்சிக் கைநாட்டு வைக்கணுங்க."

"நான் வைக்கிறேன்யா" என்று பிரகாசி முன்னால் வந்தாள். ஊரே அவளை முறைத்தது. அவளோ பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். "பேரு பிரகாசி. நான் யாரு, எந்த ஊருன்னு பக்கத்துல எழுதிடுங்க."

குமாஸ்தா பழக்கதோஷத்தில் மளமளவென்று எழுதி, உரக்க வாசித்தார்: "சாட்சி பிரகாசி, இத்தீவில் குடியிருப்பவள்."

படகோட்டிதான் முதலில் சிரித்தான். பிறகு கரையே சிரித்தது.

"கிழிச்சுப் போட்டு வேற எழுதுய்யா!" என்று கத்தினார் காரியஸ்தர்.

"எத்தனை தடவை எழுதினாலும் சாட்சிக்கு எங்கள்ல ஒருத்தர்தானே வரணும்?" என்றாள் பிரகாசி.

காரியஸ்தர் அவளையே பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "எவருமில்லை" என்பதை அடித்துவிட்டு, "பதினோரு குடும்பங்கள்" என்று தம் கையாலேயே எழுதினார்.

பிரகாசி அவரைச் சாப்பிடாமல் படகேற விடவில்லை.