ஆழம் தேடிய நண்டு

காட்டுக்குள் சரிவான ஓரிடத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில், தண்ணீருக்கு அடியில், வளை தோண்டிக் குடியிருந்தது கருங்காலன் என்ற நண்டு.

வளர வளர ஓட்டைக் கழற்றிப் போடுவது நண்டுகளின் வழக்கம். கருங்காலனும் எத்தனையோ தடவை கழற்றியிருக்கிறது. ஆனால் இந்த முறை திரும்பிப் பார்த்துவிட்டது. கால், கொடுக்கு, கண்ணின் கூடு என்று எதுவும் குறையாமல் அதன் உருவமே சேற்றில் கிடந்தது.

"அங்கே கிடப்பது நான் என்றால், இங்கே நின்று பார்க்கிற நான் யார்?"

அன்றிலிருந்து அதற்கு இரை இறங்கவில்லை. கண்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது. தவளைகள் கத்தின. மீன்கள் துள்ளின. இந்த இரைச்சலில் பதில் வந்தாலும் காதில் விழாது என்று அதற்குத் தோன்றியது. இன்னும் ஆழமாகப் போக முடிவு செய்து, வளையை மேலும் தோண்டத் தொடங்கியது.

"என்ன சாமியாரே, பாதாளத்துக்குப் பாதை போடுறீரா?" என்று கேட்டது ஒரு தவளை.

"நான் யாருன்னு தேடுறேன்."

"இதுக்குப் போய் குழி தோண்டணுமா? என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே. நேரா நடக்கத் தெரியாத ஆளு!"

குளமே சிரித்தது. கருங்காலன் இன்னும் வேகமாகத் தோண்டியது.

பக்கத்துப் பாசிக்குள் ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. பிறந்து சில நாட்களே ஆன, செக்கச்செவேலென்ற குஞ்சுகள்.

"அண்ணே, நீங்க தள்ளுற மண்ணு எம் பிள்ளைங்க மேல விழுது" என்றது விரால்.

"கொஞ்சம் தள்ளிப் போம்மா. நான் முக்கியமான காரியத்துல இருக்கேன்."

விரால் குஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து போனது.

ஒரு நாள் வளையின் கோடியில் ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது. உடனே தண்ணென்ற ஓட்டம் ஒன்று நண்டின் முதுகை வருடிக்கொண்டு போனது. அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேடியது கிடைக்கப் போகிறது, அருள் சுரக்கிறது என்று நினைத்தது. பெயர்ந்தது கரையின் கடைசி மண். அதற்கப்பால் பெரும் பள்ளம். முதுகை வருடிப் போனது குளத்துத் தண்ணீர்.

மறுநாள் விரால் வளை வாசலுக்கு வந்தது.

"அண்ணே, தண்ணி குறையுது. உங்க வளைதான் இழுக்குது. அந்தக் கடைசியை அடைச்சிடுங்க."

கருங்காலனுக்குக் கேட்டது. நெருங்கி வரும்போதுதான் சோதனையும் வரும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

"கலங்கியிருக்கிறது உன் மனசு, தாயி. கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாரு."

"நான் சும்மா இருந்தா பிள்ளைங்க செத்துப்போகும்ணே."

நண்டு வளையின் கோடிக்கே திரும்பிப் போனது. விரால் அன்று முழுக்க அழைத்தது. அடுத்த நாளும் அழைத்தது. பிறகு அந்தக் குரல் நின்றது. தவளைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. கடைசியில் முதுகை வருடிய ஓட்டமும் நின்றது. கருங்காலன் இத்தனை வருடம் அறியாத நிசப்தம். மனம் அடங்கிவிட்டது என்று அது நம்பியது. இந்த நல்ல செய்தியை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று ஆசையோடு மேலே ஏறி வந்தது.

வாசலில் தண்ணீர் இல்லை. குளம் முழுவதும் சேறு, வெயிலில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. தவளைகள் வேறு இடம் தேடிப் போய்விட்டன. நடுவில் உள்ளங்கை அளவு தேங்கலில் விரால் கிடந்தது. அதைச் சுற்றிலும் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள், அசையாமல்.

"அடைச்சிடறேன் தாயி, இப்பவே அடைச்சிடறேன்" என்று நண்டு ஓடி ஓடிச் சேற்றை அள்ளி வளைக்குள் திணித்தது.

"எதை வெளிய விடாம அடைக்கிறீங்க?" என்று கேட்டது விரால். "நான் சேத்துக்குள்ள புதைஞ்சு மழை வரைக்கும் கிடப்பேன். எங்களுக்கு அது தெரியும். இதுங்களுக்கு அதைக் கத்துக்கிற வயசு வரலை."

"கோபமா நாலு வார்த்தை சொல்லிடு."

"உங்ககிட்ட சொல்ல எனக்கு இனிமே ஒண்ணுமில்லண்ணே."

அது சேற்றுக்குள் தலையை நுழைத்து மறைந்தது. கருங்காலன் குஞ்சுகளின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தை அதனால் ஒரு கணம்கூடத் தாங்க முடியவில்லை.

தன்னைத் தேடி உள்ளே போகிறவன் வாசலில் அழைக்கும் குரலுக்குக் காதை மூடிக்கொண்டால், போய்ச் சேரும் இடத்தில் அவன் மட்டுமே மிச்சமிருப்பான்.