ஹெல்மெட்டுக்குள் ஓடிய ரயில்

கோவில்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொம்பையா வாயைத் திறந்தால், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான் மெஷினை நிறுத்திவிட்டு அவனிடம் ஓடி வந்துவிடுவேன். அவன் புளுகைக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்குத் திருவிழாக் கமிட்டி செல்லத்துரை அண்ணாச்சி வந்திருந்தார். பொருட்காட்சித் திடலில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கடைக்கு இடம் மீதி. அதைக் கொம்பையாவுக்குக் கொடுப்பதா, பலூன் சுடுகிற கடை போடும் பரமனுக்கா என்று முடிவாக வேண்டும். கொம்பையாவுக்கு அந்த இடத்தின் மேல் உயிர். “நீ என்ன கடை போடுவே?” என்று அண்ணாச்சி கேட்டதும் ஆரம்பித்துவிட்டான்.

“தலையில மாட்டிக்கிட்டுப் படம் பாக்குத மிஷினு, அண்ணாச்சி. நானே செஞ்சேன். ஒரு ஹெல்மெட்டு, பழைய போனு, ரெண்டு லென்ஸு, அவ்வளவுதான். முதல்ல எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுது. லென்ஸை ஒரு நூலளவு முன்னால தள்ளுனேன், படம் பளிச்சுன்னு ஆயிட்டு. இன்னொரு நூல் தள்ளுனேன், படத்துல போற பஸ்ஸுல கண்டக்டர் பைக்குள்ள இருக்க டிக்கெட்டு நம்பரே தெரியுது!”

“இது கண்டக்டருக்குத் தெரியுமா?” என்றேன்.

“நீரு சும்மா இரும்வே. அடுத்த சிக்கல் வளைவு. லென்ஸு வழியாப் பாத்தா நேர்கோடெல்லாம் ஓரத்துல வளையும். படத்தை எதிர்ப்பக்கமா வளைச்சுக் குடுத்தா நேராயிரும். நான் கொஞ்சம் கூடுதலா வளைச்சுட்டேன். மெட்ராஸுக்குப் போன ரயிலு அப்படியே திரும்பி நம்ம ஸ்டேஷனுக்கே வந்து நிக்கி! உள்ள இருந்தவனுவ என்னைய ஏசுதானுவ.”

அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு மீசையைத் தடவினார். “வேற?”

“படத்து ஓரத்துல சிவப்பும் நீலமும் பிரிஞ்சு வழியும் அண்ணாச்சி. வழிஞ்சதை வாளியில பிடிச்சு வச்சேன். எங்க வீட்டுக் கேட்டுக்கு அடிச்ச பெயிண்டு எதுன்னு நினைச்சீய?”

“அந்தக் கேட்டு பச்சையாச்சே!” என்றேன்.

“மஞ்சளும் கொஞ்சம் ஒழுகுச்சுவே. அப்புறம் அண்ணாச்சி, போனைக் கண்ணுக்குக் கிட்ட வச்சா, கொசுவலைக்குள்ள இருந்து பாக்குத மாதிரி கட்டம் கட்டமாத் தெரியும். அதை மட்டும் நான் சரி பண்ணலை. மாட்டிக்கிட்டுத் தூங்குனா ஒரு கொசு கடிக்கலை, பாத்துக்கிடுங்க!”

அண்ணாச்சி எழுந்தார். “சரி, மிஷினை எடு. நானும் போட்டுப் பாத்துட்டு இடத்தைத் தாரேன்.”

கொம்பையா மேஜைக்குக் கீழே குனிந்து துழாவினான். மிஷின் என்று ஒன்று இருந்தால்தானே கிடைக்கும்! எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவன் அசருகிற ஆளா?

“அதைக் கழட்ட முடியாது அண்ணாச்சி. அவ்வளவு தத்ரூபம்! நேத்து மாட்டுனவன் இன்னும் கழட்டலை. இந்தக் கடை, நீங்க, உங்க மீசை, இந்த ஜெராக்ஸ்காரரு, எல்லாம் அவன் ஹெல்மெட்டுக்குள்ள ஓடுத படம்தான்!”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நல்லதாப் போச்சு. கடையையும் அதுக்குள்ளயே போட்டுக்க. வெளிய இருக்க இடத்தைப் பரமனுக்குக் குடுத்துட்டேன்.”