உமரிச் செடிக்கு முயல் சொன்ன யோசனை

கடலோரக் கழிமுகத்தில் ஒரு உவர் மண் மேடு இருந்தது. அங்கே தவிட்டாள் என்ற முயல் தன் குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். மேட்டில் முளைத்தது உமரிச் செடி மட்டும்தான். அதன் இலை கரித்து, துவர்த்து, நாக்கைச் சுருட்டும். குட்டிகள் பாதி மென்றுவிட்டு எழுந்து போய்விடும்.

தவிட்டாளுக்கு இது பெரிய மனக்குறை. தன் இருப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்ற இளம் உமரியிடம் ஒருநாள் கேட்டாள்.

"பகலெல்லாம் உள்ளுக்குள் என்னதான் செய்கிறாய்?"

"மருந்து சமைக்கிறேன், அக்கா," என்றது உமரி. "மண்ணில் இருக்கும் உப்பு என் உடம்புத் தண்ணீரை வெளியே இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சரக்கு. உப்பு உள்ளே புகுந்து செய்யும் கேட்டை ஆற்ற இன்னொரு சரக்கு. துவர்ப்பு அதனால்தான்."

தேடும் உணவில் பாதி மருந்துக்கே போய்விடுவதாகவும், அதனால்தான் வளர முடியவில்லை என்றும் அது சொன்னது.

அப்போது மழைக்காலம். உப்பெல்லாம் கரைந்து ஓடியிருந்தது. தவிட்டாள் சுற்றிலும் பார்த்தாள். உப்பையே காணோம். வராத எதிரிக்காக இந்தச் செடி இப்படி உழைக்கிறதே என்று அவளுக்கு உண்மையாகவே பரிதாபமாக இருந்தது. குட்டிகளின் நினைப்பும் கொஞ்சம் இருந்தது. சமையலை நிறுத்திவிட்டு நிம்மதியாக இலை விடும்படி தினமும் எடுத்துச் சொன்னாள்.

பக்கத்து வளையில் இருந்த கொடுக்கன் என்ற நண்டு வெளியே வந்து, கோடை என்று ஒன்று உண்டு என்றான். பக்கவாட்டில் நடப்பவனுக்கு நேராக யோசிக்க வராது என்று தவிட்டாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

உமரி இளசு. சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்தியது. இலைகள் பெரிதாக, தளதளவென்று வந்தன. குட்டிகள் வயிறாரத் தின்றன. தவிட்டாள் உற்சாகமாகி, மேட்டின் மறுகோடியில் இருந்த குள்ள உமரிகளிடமும் போய்ப் பேசினாள். அவை மருந்து சமைக்கும் வேலையாக இருந்தன.

பங்குனி வெயிலில் மேடு காய்ந்தது. மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. இளம் உமரியின் இலைகள் துவண்டு, ஓரம் கருகி உதிர்ந்தன. அது பதறிப்போய் மறுபடி சமைக்கத் தொடங்கியது. ஆனால் சமைக்கவும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

குட்டிகள் பசியில் முனகின. தவிட்டாள் வந்து பார்த்தபோது, தண்டின் அடியில் எள்ளளவு துளிர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"அக்கா, இனி என்ன செய்யட்டும்?" என்று உமரி கேட்டது.

தவிட்டாள் துளிரின் அருகே குனிந்தாள். "எனக்குத் தெரியாது," என்றாள். அவள் அந்தச் செடியிடம் சொன்ன முதல் உண்மை அது.

அந்தத் துளிரை யாரும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கொடுக்கனிடம் கேட்டுக்கொண்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மறுகோடிக்கு நடந்தாள். உப்புக்கு நடுவே குள்ள உமரிகள் உயிரோடு நின்றன. குட்டிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றன. தவிட்டாள் முகம் சுளிக்கவில்லை.

ஆபத்து கண்ணில் படாத காலத்தில் ஒருவர் செய்துவைக்கும் பாதுகாப்பை வீண்வேலை என்று சொல்லி நிறுத்தக் கூடாது.