செங்கோடன் வாசித்த தகுதி ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். காலையில் எழுந்ததும் அவருக்கு ஏதாவது ஓர் ஆசை வரும். பொழுது சாய்வதற்குள் அது சட்டமாகிவிடும். ஒரு நாள், "அரண்மனையில் இருப்பவர்கள் எல்லோரும் தத்தம் வேலைக்குப் புதிதாகத் தகுதி ஓலை எழுதிக் கொண்டுவர வேண்டும். ஓலை பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் வெளியே" என்று உத்தரவு போட்டார்.

பிரதானி விருப்பாட்சிக்கு வாயெல்லாம் பல். விதூஷகன் செங்கோடன்மேல் ராஜாவுக்கு இருந்த பிரியம் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, செய்த வேலையை எவனும் எழுதிவிடுவான். அதனால் தங்களுக்கு விளைந்த பயனை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் சாட்சி வேண்டும். எழுதியதை ஒரு சொல் விடாமல் சபையில் வாசிக்கவும் வேண்டும்" என்றார். சிரிப்புக்கு ஏது பயன், எவன் சாட்சி என்பது அவர் கணக்கு.

செங்கோடன் வீட்டில் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தான். மனைவி வடிவு வந்து நின்றாள்.

"சமையல்காரர் என்ன எழுதியிருக்காராம் தெரியுமா? 'படையின் வலிமைக்குப் பொறுப்பேற்றேன்'னு. களி கிண்டுற மனுசன்!"

"நானும் அளக்கட்டுமா?"

"அளங்க. வேலை போச்சுன்னா இந்த வீடும் போச்சு. படுத்த படுக்கையா கிடக்கிற எங்கம்மாவைத் தூக்கிக்கிட்டு எந்தச் சத்திரத்துல போய் விழுறது?"

"வேண்டாம் வடிவு. கேட்டபடியே எழுதிடறேன்."

மறுநாள் சபையில் பிரதானி முதலில் வாசித்தார்: "நாட்டில் பசியை ஒழித்தேன். சாட்சி, இந்தச் சபை." சபை கைதட்டியது.

அடுத்து செங்கோடன் எழுந்தான்.

"முதல் வேலை, ஆற்றங்கரைப் போருக்குக் கதை கட்டியது. பயன்: மகாராஜா குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடியதை, எதிரியைத் தந்திரமாக இழுத்து வந்தார் என்று ஊர் இன்றும் நம்புகிறது. சாட்சி, பிரதானி. அவர்தான் மகாராஜாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அதை இருமலாக்கிக்கொண்டார்.

"நிறுத்தடா!" என்றார் பிரதானி.

"ஒரு சொல் விடக்கூடாது என்றது தாங்கள்தானே சுவாமி?"

"படி" என்றார் ராஜா. அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"இரண்டாவது, பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லிக் கோட்டை வாசலில் கூடிய ஜனங்களைச் சிரிக்கவைத்தது. பயன்: சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு கலைந்து போனார்கள். கதவு தப்பியது. சாட்சி..." செங்கோடன் ஓலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எழுதும்போது இவ்வளவு கனக்கவில்லை. "சாட்சி, என் மாமனார் ஆண்டியப்பன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர். அந்த வாரமே பசியில் போய்விட்டார்."



"இன்னும் இருக்கிறதா?" என்றார் ராஜா.

"நிறைய இருக்கிறது, பிரபு."

"உன்னை வெளியே அனுப்பினால் என்ன செய்வாய்?"

"அடுத்த நாட்டு ராஜாவிடம் வேலை கேட்பேன். அங்கும் தகுதி ஓலை கேட்பார்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்."

ராஜா அவனையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "நல்ல விகடம். அத்தனையும் விகடம்தானே, செங்கோடா?"

பிரதானியின் முகம் வெளுத்துக் கிடந்தது. ஜெயித்தாயிற்று. இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. செங்கோடன் வீட்டில் படுத்திருக்கும் கிழவியை நினைத்தான்.

"ஆமாம் பிரபு. அத்தனையும் விகடம்தான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பார்த்திருந்த சபையும் சிரித்தது; பிரதானியும் சிரித்தார். ஆயுள் முழுக்க வேலை என்று சொல்லி, ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார்.

வீட்டு வாசலிலேயே வடிவு மாலையைப் பார்த்துவிட்டாள்.

"வேலை இருக்குங்களா?"

"இருக்கு."

"இவ்வளவு பெரிய மாலை! அப்படி என்னத்தை வாசிச்சீங்க?"

"உங்கப்பா செத்ததை."

வடிவு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு... என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"நீங்க சும்மாவா நின்னீங்க?"

"நான்தானே வடிவு சிரிக்கவெச்சேன்."