நடுவில் கோப்பு கிடையாது

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சபை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசான் அங்கே பேசுவார். வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். அதையெல்லாம் படம்பிடித்துத் தொகுக்கும் வேலை கோமதிநாயகத்துடையது.

கோமதிநாயகம் ஆசானைவிட வயதில் மூத்தவர். தென்காசியில் நெடுங்காலம் கல்யாண வீடியோ எடுத்தவர். மனைவி இறந்தபின் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கேமராவோடு சபைக்கு வந்து சேர்ந்தார். ஆசான் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

அவருக்குப் பின்னால் வந்தவள் பியூலா. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். வந்த அன்றே ஆசானிடம் கேட்டாள்.

"காது கேக்காதவங்க இங்க வந்தா உங்க வாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"என்ன செய்யலாம்?" என்றார் ஆசான்.

"படத்துக்குக் கீழே எழுத்துப் போடலாம்."

"போடுங்க."

அப்படித்தான் சப்டைட்டில் வேலை தொடங்கியது.

முதலில் எல்லாம் கோமதிநாயகத்தின் வழியாகத்தான் போனது. அவர் பேச்சை வெட்டிச் சேர்ப்பார். கம்ப்யூட்டரில் முழுவதையும் ஒரு பெரிய வீடியோ கோப்பாக எழுதுவார். அதற்கே அரை நாள் ஆகும். பியூலா அதை வாங்கிப்போய் எழுத்தைப் பதித்து மறுபடி எழுதுவாள். கடைசியில் பென் டிரைவில் கொள்கிற அளவுக்குச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் படம் கொஞ்சம் மங்கும். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழியும்.

"அண்ணாச்சி, கோப்பு ரெடியா?" என்று அவள் வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னும் நேரம் ஆகும் டீச்சர்."

அப்படிச் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அவள் கேட்க வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே பெரிய கோப்பு எழுத வேண்டாம் அண்ணாச்சி."

"என்ன சொல்லுதிய டீச்சர்?"

"நடுவுல ஒரு சின்ன புரோகிராம் போட்டிருக்கேன். சுருக்குற மென்பொருள் 'அடுத்த படத்தைத் தா'ன்னு கேக்கும். இது உங்க தொகுப்புலேருந்து ஒரு பிரேமை, ஒத்தைப் படத்தை, வாங்கும். கீழே எழுத்தை வச்சு அங்க குடுத்துரும். அது முடிஞ்சா அடுத்த பிரேம். பந்தியில பரிமாறுற மாதிரி. பிரேம்சர்விங்னு பேரு."

"அப்ப என் கோப்பு?"

"நடுவுல கோப்பே கிடையாது. நேரா போயிரும். படமும் மங்காது."

அவள் ஒரு கோப்பைக் காட்டினாள். ஒரு கடிதத்தைவிடச் சிறியது. அதில் படம் இல்லை. எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற விலாசம் மட்டும் இருந்தது.

"உங்க தொகுப்பு விண்டோ மட்டும் கடைசிவரை திறந்திருக்கணும்," என்றாள். "மூடிட்டா எல்லாம் நின்னுரும்."

அன்று பேச்சு முன்பைவிடத் தெளிவாக வந்தது. ஆசானின் இமை முடிகூடத் தெரிந்தது. எல்லோரும் பியூலாவைப் பாராட்டினார்கள். கோமதிநாயகமும் பாராட்டினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்ததும் யாரும் கேட்காத அந்தப் பெரிய கோப்பைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டார். டிஸ்க் நிரம்பியது. தென்காசிக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். எதற்கென்று பியூலா கேட்டாள். சும்மா என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் யாராவது டீச்சர் எழுத்து என்று பேச்செடுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆசான் அவளிடம் பேசும்போது அதிகமாகச் சிரிக்கிறாரோ என்று தோன்றும். திண்டுக்கல்லிலிருந்து வந்த வாய் பேசாத பெரியவர் ஒருவர், படம் முடிந்ததும் பியூலாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கைகளைக் கோமதிநாயகம் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுதியதில் பிழை தேடினார். ஒருமுறை கிடைத்தது. 'பழக்கம்' என்பதில் ழகரம் ளகரமாகிவிட்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் சாயங்காலம்வரை வைத்திருந்தார். உள்ளுக்குள் இனித்தது. சபை கூடியிருக்கும்போது சொல்லலாம் என்று போனார். அதற்குள் அவளே பார்த்துத் திருத்திவிட்டாள்.

மறுநாள் ஆசானைத் தேடிப் போனார். வெளியே சாரல். ஆசான் ஒரு குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"படம் எடுக்கது நான். வெட்டிச் சேக்கது நான். பாக்கவங்க அந்த எழுத்தைத்தான் சொல்லுதாங்க. இதுல நான் எங்க இருக்கேன்?"

"கல்யாண வீடியோவில எங்க இருந்தீங்க?"

"முதல்ல பேரு போடுவேன். கோமதி வீடியோஸ், தென்காசி. சுத்திச் சுத்தி வந்து நிக்கும்."

"பார்ப்பாங்களா?"

"ஓட்டி விட்டுருவாங்க."

"அப்ப உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இப்ப?"



ஆசான் குடையை விரித்தார். ஒரு கம்பி இன்னும் தொங்கியது.

"இங்க பேரு போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே," என்றார்.

அந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து காது கேளாதோர் சங்கத்தார் வேன் வைத்து வருவதாக இருந்தது. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சபை தொடங்கியதிலிருந்து அத்தனை பேர் சேர்ந்து வந்ததில்லை. அவர்களுக்கென்று ஒரு பேச்சைத் தேர்ந்தெடுத்து, பியூலா ஒவ்வொரு சொல்லும் வாயசைவோடு பொருந்தும்படி நேரம் வைத்திருந்தாள். வாயைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். முந்தின நாளே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

காலையில் கிளம்பும்போது சொன்னாள்.

"அண்ணாச்சி, வேன்காரருக்கு வழி தெரியாது. நான் மெயின் ரோட்டுக்குப் போறேன். நீங்க ஓட விட்டுருங்க. வர்றதுக்குள்ள சுருங்கி முடிஞ்சிரும்."

"சரி டீச்சர்."

அவள் போனபின் அவர் தன் தொகுப்பைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தலைப்பைச் சேர்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. 'படப்பிடிப்பு, தொகுப்பு: கோமதிநாயகம்.' எட்டு நொடி.

படம் எட்டு நொடி பின்னால் நகர்ந்தது. அவள் எழுத்து நகராது. அது முதல் பிரேமிலிருந்து எண்ணிக்கொண்டு வருவது. நடுவில் எழுதி நிறுத்திய கோப்பு என்று ஒன்று இருந்தால் அவர் செய்த மாற்றம் அங்கே போய்ச் சேராது. இப்போது நேராகப் போய்ச் சேரும்.

இது அவருக்குத் தெரியும். என் பேருக்காகத்தான் போடுகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினார்.

மதியத்துக்குமேல் ஹால் நிறைந்தது. பேச்சுச் சத்தமே இல்லாமல் அத்தனை கைகளும் பேசிக்கொண்டிருந்தன. விளக்கை அணைத்தார்கள். அவர் பெயர் வந்து நின்றது. கோமதிநாயகம் பின்வரிசையில் நின்று பார்த்தார்.

திரையில் ஒரு பெண்மணி எழுந்து ஆசானிடம் கேட்கிறாள்: "என் கோபத்தை நான் எங்க கொண்டுபோய் விடுறது?" ஆசான் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "எங்கேருந்து கூட்டிட்டு வந்தீங்களோ அங்கேயே," என்கிறார். சபை சிரித்த இடம் அது.

அன்று அவள் கேள்வி, ஆசானின் மூடிய வாய்க்குக் கீழே வந்தது. அவள் வாய் திறந்தபோது அவளுக்குக் கீழே ஆசானின் பதில் இருந்தது.

கைகள் நின்றன. பிறகு இருட்டில் ஒன்றிரண்டு அசைந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு தையற்காரப் பெண் எழுந்து பியூலாவைப் பார்த்து வேகமாகச் சைகை செய்தாள். புரிந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன கேக்காங்க?" என்றார் ஆசான்.

பியூலாவின் முகம் சிவந்திருந்தது. "கேள்வி கேட்டவளே பதிலும் சொல்லுதா, அப்புறம் ஆசான் எதுக்குன்னு கேக்காங்க."

"நல்ல கேள்வி," என்றார் ஆசான்.

பியூலா விளக்கைப் போடச் சொன்னாள். கூட்டத்தைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டுச் சைகை செய்தாள். தப்பு என்னுடையது என்பதற்கான சைகை அது. அந்த ஒரு சைகை கோமதிநாயகத்துக்குப் புரியும்.

ஹாலை ஒட்டித்தான் வீடியோ அறை. அவள் வேகமாக உள்ளே வந்தாள். அவரும் பின்னால் வந்தார். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தார். போட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். பதிலுக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தார்.

அவள் உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தாள்.

"அண்ணாச்சி, உங்க பேரு எத்தனை நொடி நிக்குது?"

"எட்டு."

அவள் எட்டு என்று தட்டினாள். அவள் எழுத்தெல்லாம் எட்டு நொடி தள்ளிப்போனது.

"பேரை எடுத்துரலாம் டீச்சர்," என்றார்.

"எதுக்கு? இருக்கட்டும்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மறுபடி சுருக்க நேரமில்ல. நேரடியாவே காட்டிருவோம். சுருக்குற மென்பொருள் கேக்குத மாதிரி பிளேயரும் பிரேம் பிரேமா கேட்டு வாங்கிக்கிடும். ஆனா உங்க விண்டோ திறந்தே இருக்கணும். நான் அங்க அவங்ககூட நிக்கணும். நீங்க இங்க இருப்பியளா?"

"இருக்கேன்."

அவள் போய்விட்டாள்.

கோமதிநாயகம் தனியாக உட்கார்ந்தார். புரொஜக்டருக்குப் போகும் கேபிள் சுவரிலிருந்த ஓட்டை வழியாக ஹாலுக்குள் போனது. அவர் முன்னால் தொகுப்பின் விண்டோ மட்டும் இருந்தது. அங்கே என்ன தெரிகிறது என்று இங்கிருந்து பார்க்க முடியாது. சுவருக்கு அப்பால் ஆசானின் குரல் லேசாகக் கேட்டது.

பேச்சு அந்த இடத்துக்கு வந்தது. கோபத்தைப் பற்றிய கேள்வி. பதில். உடனே ஹாலில் சிரிப்பு வெடித்தது. தங்கள் சிரிப்பைத் தாங்களே கேட்டறியாதவர்களின் சிரிப்பு. அதற்கு அளவு கிடையாது. சுவர் அதிர்ந்தது.

அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார். முடிந்ததும் அவள் கையைத்தான் பிடிப்பார்கள். தப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். நன்றியையும் அவளே எடுத்துக்கொள்வாள். என் பேரை அழிக்காமல் விட்டதற்குச் சேர்த்து அவளைத்தான் நல்லவள் என்பார்கள்.

விண்டோவின் மூலையில் மூடுகிற குறி இருந்தது. அவர் கை மவுஸின்மேல் இருந்தது. அம்புக்குறி அந்த மூலைக்குப் போய் நின்றது. ஒரு தட்டு போதும். கரண்ட் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

கதவு திறந்தது. ஆசான் வாசலில் நின்றார். திரையைப் பார்த்தார். அம்புக்குறி இருந்த இடத்தையும் பார்த்தார்.

கோமதிநாயகம் கையை எடுக்கவில்லை.

"மூடிட்டா என்ன ஆகும் ஆசானே?"

"இருட்டாகும்."

"அவளைத்தான குத்தம் சொல்லுவாங்க?"

"சொல்லுவாங்க."

"நீங்க தடுக்க மாட்டீங்களா?"

"உங்க கைதானே அண்ணாச்சி."

ஹாலில் மறுபடி சிரித்தார்கள். கோமதிநாயகம் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"பின்ன எதுக்கு இங்க வந்தீங்க? எனக்குக் காவலுக்கா?"

"இல்ல."

ஆசான் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்.

"அங்க திரை முழுக்க என் முகம்தான் இருக்கு. ஒருத்தர் கண்ணும் அதுல இல்ல. எல்லார் கண்ணும் கீழே அந்த எழுத்துலதான் இருக்கு. நானும் கொஞ்சநேரம் உக்காந்து பார்த்தேன். பொறுக்கல. எந்திரிச்சு வந்துட்டேன்."

கோமதிநாயகம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். பெஞ்சில் ஓரமாக நகர்ந்து ஆசானுக்கு இடம் விட்டார்.